கசப்பைக் கொட்டிவிடாதீர்கள்: மதுரைச் சீமையில் ஒதுங்கிக் கிடக்கும் காய், கீரை, பழங்களைப் பறிப்பது முதல் பரிமாறுவது வரை

புரட்டாசி மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசக்காடுகளில் யாரும் விதைக்காத விளைச்சல் ஒன்று எழும்பி நிற்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, அதலைக்கொடி, மிதுக்கங்கொடி. களையெடுப்பவர்கள் அதைப் பிடுங்கி வரப்பில் வீசிவிட்டுப் போவார்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துச் செவக்காட்டு வேலிகளில் பிரண்டை படர்ந்திருக்கும். ஆனி, ஆடியில் அழகர்மலை அடிவாரத்தில் நாவப்பழம் உதிர்ந்து தரையே ஊதாவாகிக் கிடக்கும்.

இவை கசக்கும், துவர்க்கும், நாக்கை அரிக்கும், சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும். அதனால்தான் ஒதுங்கின. எடுத்துச் சமைப்பவர்களிலும் பலர் கசப்பு போகட்டும் என்று உப்புப் போட்டுப் பிழிந்து சாற்றைக் கொட்டுகிறார்கள், கீரையை வேகவைத்து வடிக்கிறார்கள், நாவல் சாற்றைக் கொதிக்க விடுகிறார்கள். ஆன்டிஆக்சிடன்ட் என்கிற, உடம்பின் செல்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் பொருள்களில் பெரும்பகுதி இப்படியே போய்விடுகிறது. தட்டுக்கு வருவது பெரும்பாலும் நாரும் உப்பும்தான். ஆகவே ஒவ்வொன்றிலும் முதலில் கேட்க வேண்டியது, எதைப் போக்க வேண்டும், எதைப் போகவிடக் கூடாது என்பதே.

போக வேண்டியவை, இருக்க வேண்டியவை

ஆன்டிஆக்சிடன்ட் என்பது ஒரே ஒரு சத்தின் பெயர் இல்லை. வைட்டமின் சி, கீரையின் கரோட்டின், துவர்ப்புக்குக் காரணமான டானின், நாவலின் ஊதா நிறமான ஆந்தோசயனின், நாகதாளிப் பழத்தின் சிவப்பான பீட்டாலெய்ன், இலைகளில் உள்ள ஃபிளேவனாய்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கும். வெயில், பூச்சி, வறட்சி ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி உண்டாக்குபவையே இவற்றில் பெரும்பாலானவை. தண்ணீர் பாய்ச்சாத மானாவாரிக் காட்டில் தானாக முளைத்த செடிக்குத் துவர்ப்பும் நிறமும் தூக்கலாக இருப்பது இதனால்தான்.

அதலை, பாகல் போன்றவற்றின் கசப்பு டிரைடெர்பினாய்டு என்ற வேறொரு வகைப் பொருளிலிருந்து வருகிறது. அது நேராக ஆன்டிஆக்சிடன்ட் ஆகாது. ஆனால் கசப்பை ஓட்டுவதற்காகக் காயைப் பிழியும்போது அந்தச் சாற்றோடு வைட்டமின் சியும் நீரில் கரையும் மற்றவையும் சேர்ந்தே வெளியேறும். அதனால் கசப்பைச் சுவையால் சமன்செய்யுங்கள், பிழிந்து கொட்ட வேண்டாம்.

போயே தீர வேண்டியவையும் உண்டு. பிரண்டையில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட், பருப்புக்கீரையிலும் சாரணையிலும் மிகுதியாக உள்ள கரையும் ஆக்சலேட் (சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு இது முக்கியம்), மண், பூச்சிமருந்து, நாகதாளியின் பொடி முள்.

பொட்டலங்களில் அச்சிடும் “இத்தனை மடங்கு ஆன்டிஆக்சிடன்ட்” என்ற எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பரிசோதனைக் கூடங்களில் டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் செடியின் சாற்றைச் சேர்ப்பார்கள். ஊதா எவ்வளவு வெளுத்து மஞ்சளாகிறதோ அவ்வளவு வலிமை என்று கணக்கு. ஒரு செடியை இன்னொன்றோடு ஒப்பிட இது உதவும். உடம்புக்குள் நடப்பதை இது காட்டாது. டானின், ஆந்தோசயனின், ஃபிளேவனாய்டு போன்ற பாலிஃபீனால்கள் குடலிலும் கல்லீரலிலும் உருமாறி, சிறு பங்குதான் இரத்தத்துக்குப் போகிறது. இத்தகைய எண்கள் விளம்பரங்களில் தவறாகப் பயன்படுவதைப் பார்த்த அமெரிக்க வேளாண்துறை, உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் வலிமையை எண்ணாகக் காட்டித் தான் வெளியிட்டிருந்த ஓராக் பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது. இந்தக் காய் கீரைகளைப் பொடியாகவோ மாத்திரையாகவோ வாங்குவதைவிட, வாரத்தில் மூன்று நாலு நாள் வெஞ்சனமாகத் தட்டில் இருப்பதே மேல் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது

மானாவாரிக் கரிசல், செம்மண் வேலி, கம்மாய்க் கரையின் மேட்டுப் பக்கம் ஆகியவை நல்ல இடங்கள். நகரத்துச் சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரமும், நான்குவழிச் சாலை ஓரமும் வேண்டவே வேண்டாம். கீரைகள் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை இலைக்குள் இழுத்துக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் அவை போகா. பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ எப்போது அடித்தார்கள் என்று காட்டுக்காரரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். ஓரிரு நாளில் சுருண்டு மஞ்சளிக்கும் களை, களைக்கொல்லி பட்டதாக இருக்கலாம்.

அடையாளம் நிச்சயமாகத் தெரியாத எதையும் பறிக்கக் கூடாது. கலவைக் கீரை கிள்ளும்போது ஊமத்தங்கன்று சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. கசக்கினால் குமட்டும் நெடி வரும் இலையைத் தள்ளிவிடுங்கள். பேய்க்குமட்டியின் பிஞ்சை மிதுக்கங்காய் என்று நினைத்துவிடாதீர்கள். மிதுக்கின் கசப்பு லேசானது. நாக்கின் நுனியில் தொட்டவுடனே தாங்க முடியாமல் கசக்கும் காயைத் துப்பிவிட்டு மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். அது குக்கர்பிட்டாசின், வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும். வேகவைத்தாலும் அழியாது.

காட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் உழவர் சந்தைக்குப் போகலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. கிராமத்திலிருந்து கூடையில் கொண்டுவருபவர்களிடம் “அதலைக்காய் வருமா, தொய்யக்கீரை கிள்ளித் தருவீங்களா” என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அவர்களும் பறித்து வருவார்கள்.

அதலைக்காய்

தமிழ்நாட்டில் மதுரை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசலுக்கே உரிய காய் என்று சொல்லலாம். பாகலின் நெருங்கிய உறவு; மொமார்டிகா சிம்பலேரியா என்பது தாவரப் பெயர். விரல் கணு அளவில், இரண்டு முனையும் கூர்த்து, வரிவரியாக இருக்கும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான் கிடைக்கும்.

வாங்கும்போது கரும்பச்சையாக, அழுத்தினால் கெட்டியாக இருப்பதை எடுங்கள். மஞ்சள் ஓடியிருந்தால் விதை முற்றிவிட்டது, பல்லில் கடுக்கென்று அகப்படும். வெளியில் இரண்டு நாள் வைத்தால் பழுத்து வெடித்து விதையைச் சிதறிவிடும். அன்றைக்கே சமைக்க முடியாவிட்டால் துணிப்பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள், அதுவும் இரண்டு நாளைக்குத்தான்.

கால் கிலோ காய்க்குப் பொரியல் முறை:

1. காயை முழுசாகவே இரண்டு முறை அலசி வடியுங்கள். ஊறப் போடாதீர்கள்.
2. காம்பையும் நுனியையும் கிள்ளி எடுங்கள். பிஞ்சை அப்படியே விடலாம், சற்றுப் பெரியதை இரண்டாக்கலாம். பொடியாக நறுக்கினால் வெட்டுவாய் கூடி, சாறும் அதிகமாக இறங்கும்.
3. இரும்புச் சட்டி வேண்டாம். துவர்ப்புள்ள காய் இரும்போடு சேர்ந்தால் கறுத்துப்போகும். மண்சட்டியோ எவர்சில்வர் சட்டியோ போதும்.
4. இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் 15 போட்டுக் கண்ணாடி போல் ஆகும்வரை வதக்குங்கள்.
5. காயைப் போட்டு நடுத்தரத் தீயில் மூடாமல் எட்டு நிமிடம் வதக்குங்கள். மூடினால் நீர் கோத்துக் கசப்பு எங்கும் பரவும். வதக்கினால் கசப்பு காய்க்குள்ளேயே நிற்கும்.
6. அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, கால் தம்ளர் தண்ணீர் தெளித்து, நீர் வற்றும்வரை இன்னும் நாலைந்து நிமிடம்.
7. இறக்கும்முன் வறுத்துப் பொடித்த நிலக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, சுண்டு விரல் நுனியளவு கருப்பட்டி.

கடலையின் எண்ணெய்ப் பசையும் சின்ன வெங்காயத்தின் இனிப்பும் கசப்பை அடக்கும். இப்படிச் செய்தும் கசப்பு தாங்கவில்லை என்றால் அடுத்த முறை வெங்காயத்தை 20 ஆக்குங்கள். உப்பில் பிசறிப் பிழியும் வழிக்குப் போகாதீர்கள். புளிக்குழம்பாக வைப்பதென்றால் முதலில் ஐந்தாம் படிவரை வதக்கிவிட்டுக் கொதிக்கிற குழம்பில் கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போடுங்கள். வழக்கமான குழம்பைவிடப் புளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இறங்குகிற சாறு குழம்பிலேயே இருப்பதால் எதுவும் வீணாகாது.

இதைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்பதைப் பார்க்கலாம். காய் நல்லது. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைச் சாறாக்கித் தினமும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. பொரியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இக்கொடியின் கிழங்கைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தும் வழக்கம் நாட்டு மருத்துவத்தில் இருந்திருக்கிறது. ஆகவே கர்ப்பிணிகள் காயையும் தவிர்ப்பதே சரி.

பிரண்டை

இதைத் தொட்டவர்கள் எல்லோரும் அரிப்பைத்தான் முதலில் சொல்வார்கள். தண்டின் செல்களுக்குள் கட்டுக்கட்டாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளே காரணம். கொதிக்க வைத்தாலும் ஊசி கரையாது. எனவே ஊசி குறைவான பாகத்தைத் தேர்வது, வெட்டியபின் வெளிவரும் ஊசியை அலசுவது, மிச்சத்தை எண்ணெயும் புளியும் சூழ வைப்பது என்று மூன்று படியாக வேலை செய்ய வேண்டும்.

கொடியின் நுனியிலிருந்து மூன்று, நாலு கணுவுக்குள் கிள்ளுங்கள். நகம் வைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், நார் இழுத்தால் முற்றியது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கணுவை வெட்டித் தள்ளுங்கள், அங்கேதான் நார் மிகுதி. நாலு விளிம்பையும் கத்தி நுனியால் பிடித்து நாராக உரித்துவிடுங்கள். மீதியை அரை அங்குலத் துண்டாக்கிப் புளி கரைத்த தண்ணீரிலோ புளித்த மோரிலோ கால் மணி நேரம் போட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். மற்றக் காய்களுக்குச் சாற்றைக் கொட்டாதீர்கள் என்று சொன்னோம். இங்கே மட்டும் கொட்டத்தான் வேண்டும்.

200 கிராம் பிரண்டைக்கு நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. நடுத்தரத் தீயில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை மாறி மங்கலான காய்ந்த பச்சையாகி, சட்டியில் ஒட்டும் கொழகொழப்பு முழுக்கப் போயிருக்க வேண்டும். உளுந்து மூன்று மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு, பூண்டு ஐந்து பல், நெல்லிக்காயளவு புளி ஆகியவற்றைத் தனியே வறுத்து, கல்லுப்புச் சேர்த்து முதலில் அரையுங்கள். பிறகு பிரண்டையைச் சேர்த்து நைசாக அரையுங்கள். கொரகொரப்பாக விட்டால் துண்டு துண்டாகத் தொண்டையில் படும்.

இவ்வளவும் செய்தும் நாக்கு அரித்தால் மூன்றில் ஒன்றுதான் காரணம்: தண்டு முற்றல், வதக்கல் போதாது, புளி போதாது. அரைத்த துவையலையே இன்னொரு கரண்டி எண்ணெயில் ஐந்து நிமிடம் சுருள வதக்கி, கொஞ்சம் புளிக்கரைசல் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

பிரண்டையில் கால்சியம் ஏராளம், அதனால் எலும்பு வலுக்கும் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிலுள்ள கால்சியத்தில் ஒரு பங்கு ஆக்சலேட்டோடு கட்டுண்டது. அதைக் குடல் எளிதில் உறிஞ்சாது. கால்சியம் வேண்டுமென்றால் கேழ்வரகும் எள்ளும் மோரும் இருக்கின்றன. வாரம் ஒருநாள் துவையலாகச் சாப்பிடுவது போதும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

மழைக்கீரைகள்

பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சாரணை, பருப்புக்கீரை. பூ வருவதற்கு முன் நுனி நாலு விரற்கடை கிள்ளுவதே முறை. பண்ணைக்கீரை வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விட்டுவிட்டால் இலை நாராகிவிடும். சாரணை முற்றினால் பேதியாகும். இளங்கொழுந்தை மட்டும், அதுவும் மற்றக் கீரையோடு கால் பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள்.

அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டுக் கீரையை மூழ்கடித்து அள்ளி எடுங்கள். கீரையை வடிதட்டில் கொட்டினால் அடியில் படிந்த மண் மறுபடி அதன் மேலேயே விழும். மூன்று முறை அலசிய பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் வைட்டமின் சி தண்ணீரோடு போகும்.

300 கிராம் கீரைக்கு அரைத் தம்ளர் தண்ணீர், சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு ஐந்து பல், பச்சை மிளகாய் மூன்று. மூடாமல் ஏழு நிமிடம். மூடினால் இலையிலிருந்து கிளம்பும் அமிலம் வெளியேறாமல் பச்சை மங்கிப் பழுப்பாகும். பச்சை நிற்கட்டும் என்று சோடா உப்புப் போடும் வழக்கத்தை விட்டொழியுங்கள்; நிறம் நிற்கும், வைட்டமின் சியும் பி1-உம் போய்விடும். புளி சேர்ப்பதானால் இறக்கும்போதுதான்.

பிறகு மத்தால் கடையுங்கள். நம் வீடுகளில் கீரையைக் கடைவது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. கரோட்டின் இலையின் செல்லுக்குள் பூட்டியிருக்கிறது. வெந்த இலையை நசுக்கி, அதில் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால்தான் குடல் அதை எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ தாளித்துக் கொட்டுங்கள். எண்ணெயே இல்லாத “டயட்” கீரையில் கரோட்டின் பெரும்பாலும் வீண்.

சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு மட்டும் வேறு வழி. பருப்புக்கீரை, சாரணை, குப்பைக்கீரையை ஒரு லிட்டர் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மோர் சேர்த்துச் சமையுங்கள். கரையும் ஆக்சலேட்டில் ஒரு பங்கு நீரோடு போகும். மிச்சத்தை மோரின் கால்சியம் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். வைட்டமின் சி இழப்பு இவர்கள் தர வேண்டிய விலை. பருப்புக்கீரையை மற்றவர்கள் வடிக்காமல் சமைத்தால், செடிகளில் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பும் கொஞ்சம் சேரும். கீரைகளில் இது இந்த அளவு இருப்பது அபூர்வம்.

சமைத்த கீரையை மதுரை வெக்கையில் மதியத்திலிருந்து இரவுவரை வெளியில் வைக்கக் கூடாது. இலையிலுள்ள நைட்ரேட்டை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாக மாற்றும், கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. காலையில் சமைத்தால் மதியத்தோடு முடித்துவிடுங்கள்.

சுண்டை, மிதுக்கு வத்தல்

பங்குனி, சித்திரை வெயிலில்தான் வத்தல் போட வேண்டும். ஐப்பசியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரு காய் பூத்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், பூஞ்சையின் நச்சு வறுத்தாலும் போகாது.

சுண்டைக்காய் ஒரு கிலோ. காம்பை ஆய்ந்து, அம்மியிலோ குழவியாலோ ஒவ்வொன்றாக லேசாகத் தட்டி வாய் பிளக்கச் செய்யுங்கள். தட்டாத காயின் உள்ளே மோர் இறங்காது, வெளியே காய்ந்து உள்ளே அழுகும். அரை லிட்டர் புளித்த தயிரில் அரை லிட்டர் தண்ணீர், 80 கிராம் கல்லுப்புக் கலந்து இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் காயை மட்டும் அள்ளிப் பாயில் பரப்பி, மாலையில் மறுபடி அதே மோரில் போடுங்கள். மூன்று நாளில் மோர் முழுக்க ஏறிவிடும். பிறகு நாலைந்து நாள் வெயிலில் காயவிடுங்கள். சுளகில் போட்டுக் குலுக்கினால் கலகலவென்று ஓசை வர வேண்டும், ஒன்றை ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும். சூடு ஆறிய பிறகுதான் பாட்டிலில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கெடும்.

மேலே மெல்லிய வேட்டித் துணி போர்த்திக் காயவையுங்கள். நேர்வெயிலில் வைட்டமின் சியும் கரோட்டினும் பெரும்பகுதி அழியும், துணி தூசியையும் தடுக்கும். ஃபீனால் வகைகள் வெயிலை ஓரளவு தாங்கும். ஆகவே வத்தலை வைட்டமின் சிக்காகச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

பொரிக்கும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். எண்ணெய் புகைந்தால் வத்தல் கரிந்துவிடும். மிதமான சூட்டில் போட்டு, உப்பிப் பழுப்பேறியதும் எடுங்கள். கறுத்தது கசப்பு இல்லை, கரி. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஒருவேளைக்கு ஐந்தாறுக்கு மேல் எடுக்க வேண்டாம், உப்பு அவ்வளவு. அவர்களுக்கென்றால் 80 கிராமை 40 ஆக்கி, நல்ல கோடையில் இரண்டு நாள் கூடுதலாகக் காயவையுங்கள். சுண்டையைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

மிதுக்கங்காயை நெடுக்கில் கீறி இதே மோரில் போடலாம். தோல் மென்மையானதால் இரண்டு இரவு ஊறினால் போதும்.

நாவலும் நாகதாளியும்

ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று முருகன் கேட்டதாகச் சொல்லும் மரம் பழமுதிர்சோலையின் நாவல்தான். நாவலில் பொதுவாக ஆனி, ஆடியில் பழம் வரும். அதன் ஊதாவில் டெல்பினிடின், பெட்டுனிடின், மால்விடின் என்ற ஆந்தோசயனின்கள் உள்ளன. இவை புளிப்பில் சிவந்து நிலைக்கும், சோடா உப்புப் போன்ற காரப்பொருளில் நீலமாகி அழியும், நீண்ட கொதியில் மங்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்தால் செய்முறை தானே வந்துவிடும்.

ஒரு கிலோ பழத்தை அலசி, எவர்சில்வர் பாத்திரத்தில் கையால் பிசையுங்கள். மிக்சியில் அடித்தால் கொட்டை உடைந்து துவர்ப்பு மிஞ்சும். அரைத் தம்ளர் தண்ணீர் விட்டு, கை பொறுக்காத சூடுவரை (கொதி வரக் கூடாது) பத்து நிமிடம் வைத்து, துணியில் வடிகட்டுங்கள். சூடு தோலிலிருந்து நிறத்தை இறக்கும். அரை லிட்டர் சாற்றுக்கு ஒரு எலுமிச்சம்பழச் சாறு. ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் இரண்டு மூன்று மாதம் நிறம் மாறாமல் இருக்கும். குடிக்கும்போது இரண்டு கட்டியைத் தண்ணீரில் போட்டு உப்பும் சீரகப்பொடியும் சேர்த்தால் போதும். பாலில் அடிக்காதீர்கள், பால் புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும்.

கொட்டையைக் கழுவி நிழலில் பத்து நாள் காயவைத்து, மேலோட்டை நீக்கிப் பொடிக்கலாம். அளவு கால் தேக்கரண்டி. அதலைச் சாற்றுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் அப்படியே பொருந்தும்.

நாகதாளி, அதாவது சப்பாத்திக்கள்ளி, ஒரு காலத்தில் தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களையே மூடிக் கிடந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒருவகை மாவுப்பூச்சிதான் அதைச் சில ஆண்டுகளில் அழித்தது. இப்போது ஆங்காங்கே வேலியில் மிஞ்சி நிற்கிறது. பழத்தை இடுக்கியால் திருகிப் பறித்து, அடுப்புத் தீயில் புரட்டிப் புரட்டிப் பதினைந்து விநாடி காட்டுங்கள், பொடி முள் கருகிவிடும். பிறகு சாக்கில் வைத்துத் தேயுங்கள். குறுக்கே வெட்டினால் நடுவில் நட்சத்திரம் போல் ஒரு முள் இருக்கும். அதை எடுக்காமல் தின்றால் தொண்டையில் சிக்கும். குழந்தைகளுக்கு முழுப்பழமாகக் கொடுக்கவே கூடாது. சதையைக் கரண்டியால் வழித்து, துணியில் பிழிந்து விதையை ஒதுக்குங்கள். சூடு காட்டாமல் எலுமிச்சைச் சாறு கலந்து அப்படியே குடியுங்கள். பீட்டாலெய்ன் சூட்டில் நிற்காது. மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். கையில் முள் ஏறினால் தேய்க்காதீர்கள், ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்து எடுங்கள்.

உடன் வைக்க வேண்டியது

இந்தக் காய் கீரைக்கு ஏற்ற சோறு பேரையூர்ப் பக்கத்துக் குதிரைவாலிதான். மதுரை வேளாண் கல்லூரி எம்டியூ 1 என்ற இரகத்தையே கொடுத்திருக்கிறது. அதிகம் தீட்டாததை வாங்கி, அரைமணி ஊறவைத்து அந்த நீரைக் கொட்டி, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் வைத்து வேகவையுங்கள். ஊறுவதும் மாவாகப் புளிப்பதும் இரும்பைக் கட்டிப்போடும் பைட்டேட்டைக் குறைக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை பிடிக்கும், மாதத்துக்கு மேல் வேண்டியதை வாங்கி வைக்காதீர்கள்.

கீரையின் இரும்பு உடம்பில் சேர அதே வேளையில் ஒரு நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் போகட்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, வைட்டமின் கே மருந்தோடு மோதும்.

காட்டில் பறிக்கும்போது அதலைக்கொடியை இழுத்துப் பிடுங்காதீர்கள். மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது, கொடி காய்ந்த பிறகும் அது அடுத்த மழைக்குக் காத்திருக்கும். காயை மட்டும் காம்போடு கிள்ளுங்கள். கொடிக்குப் பத்துக் காயாவது விட்டுவைத்தால், தை மாதத்தில் அவை பழுத்து வெடித்து விதை தெறிக்கும். பண்ணைக்கீரையிலும் நாலு செடிக்கு ஒன்றைக் கதிர் முற்ற விடுங்கள்.